மேலே போகும் வண்டி

"இந்த வண்டி என்னை ஏமாத்திடுச்சு," என்றாள் எப்சிபா.

குரு நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மொபெட்டின் அடியில் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சக்கரம்?"

"என்ன எந்தச் சக்கரம்?"

"ரெண்டு சக்கரமும் இழுக்கிற வண்டியாச்சேக்கா. ஏமாத்தினது முன்சக்கரமா, பின்சக்கரமா?"

எப்சிபாவுக்கு வந்த ஆத்திரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றத் தோன்றவில்லை. அதற்குள்ளிருந்தே பேசினாள்.

"விளையாடாதே நூர்நிஷா. நான் சிரிக்கிற நிலைமையில இல்ல."

"நானும் சிரிக்கலையே," என்றாள் குரு.

சிரிக்கவும் இல்லைதான்.

*

குரு என்றதும் தாடியையும் புலித்தோலையும் தேட வேண்டாம்.

நூர்நிஷாவுக்கு முப்பத்தொரு வயது. மலையடிவாரத்தில், பெட்ரோல் பங்குக்கு எதிரே, தகரக் கொட்டகை போட்டு பைக், பம்பு செட், கிரைண்டர் என்று சுற்றுகிற எதையும் பழுது பார்ப்பவள். ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்வாள். சில நாள் அதுவும் கிடையாது.

சிஷ்யை எப்சிபாவுக்கு நாற்பத்தெட்டு. அரசாங்கத்தின் கிராம நர்ஸ். மலை உச்சியில் உச்சிமேடு என்றொரு ஊர். புதன்கிழமைதோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டியவள். சைக்கிள்கூட மிதித்தறியாத அவளுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நூர்நிஷா.

கற்றுக்கொண்ட மூன்று வாரமும் வசவுதான். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சரிங்க குருவே, உத்தரவு குருவே," என்றாள் எப்சிபா.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வசவு நிற்கவில்லை.

*

வண்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

மற்ற பைக்கில் பின்சக்கரம் தள்ளும். முன்சக்கரம் பெரிய மனிதர் மாதிரி சும்மா உருளும். இதில் முன்சக்கரத்துக்கும் ஒரு செயின். பின்னது தள்ள, முன்னது இழுக்க, சேறு, மணல், பாறை எதுவானாலும் ஆடு போல ஏறும்.

ஒரு தொண்டு நிறுவனம் ரிப்பன் கட்டி, மைக் வைத்து, ஆளுக்கொரு லட்டு கொடுத்து இதை எப்சிபாவிடம் ஒப்படைத்தது. மலைமக்களின் துயரம் பற்றி ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரில் ஒருவரும் உச்சிமேட்டைப் பார்த்ததில்லை.

அன்று வண்டியை நேரே குருவின் கொட்டகைக்குத்தான் கொண்டுவந்தாள்.

குரு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து முன்செயினை விரலால் அசைத்துப் பார்த்தாள். ஹேண்டிலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"நல்ல வண்டியா, கெட்ட வண்டியா? ஒரே வார்த்தையில சொல்லு," என்றாள் எப்சிபா.

"மேலே போகும்."

"அது எனக்கும் தெரியும். வேற?"

"மேலே போகும்க்கா."

எப்சிபா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். ஒன்பது மாதமாக அப்படித்தான் வைத்திருந்தாள்.

*

"ஏமாத்திடுச்சுன்னா என்ன? வழியில நின்னுடுச்சா?" என்றாள் குரு.

"நின்னிருந்தா நல்லா இருந்திருக்குமே. நிக்கலை. அதான் பிரச்சினை."

குரு இப்போது நிமிர்ந்தாள்.

எப்சிபா ஹெல்மெட்டைக் கழற்றி, தோள்பையிலிருந்து ஒன்றிய அலுவலகத்துக் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். குருவின் கையில் கிரீஸ். "நீயே படிக்கா," என்றாள்.

எப்சிபா படித்தாள். படித்தாள் என்பதைவிட ஒவ்வொரு வார்த்தையாகக் கடித்துத் துப்பினாள் என்று சொல்லலாம்.

"'மேற்படி குடியிருப்புக்கு வாகன வசதி ஏற்கனவே ஏற்பட்டுள்ளதாகத் தெரிய வருவதால், மண் சாலை அமைக்கும் பணி தற்போதைக்குத் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பின் இம்மாத இறுதிக்குள் தெரிவிக்கலாம்.' கேட்டியா? வாகன வசதியாம். ஒரே ஒரு வண்டி. அதுவும் இது. அதுவும் நான் ஓட்டுறது."

"ம்."

"மூணு வருஷமா மனு கொடுத்து, அளந்து, கல்லு நட்டு, புல்டோசர் வந்தா மூணே வாரம்னு சொல்லி, இப்போ தேவையில்லையாம். ஜீப் ஏற ஒரு மண் ரோடு. தாரா கேட்டோம்? பாலமா கேட்டோம்?"

"ம்."

"ம் ம்னா என்ன அர்த்தம்? பூவரசிக்கு இது எட்டாம் மாசம். ரத்த அழுத்தம் வேற. வலி எடுத்தா என்ன பண்ணுறது? மறுபடியும் டோலியா?"

குரு இந்த முறை 'ம்' சொல்லவில்லை.

உச்சிமேட்டில் நடக்க முடியாதவர்களை டோலியில்தான் இறக்குவார்கள். மூங்கிலில் போர்வையைக் கட்டி, நாலு பேர் தூக்கி, மூன்று மணி நேரம். தோள் மாற்றுவார்கள், நடக்க நடக்கவே மாற்றுவார்கள். டோலியை வழியில் தரையில் வைக்க மாட்டார்கள். வைத்தார்கள் என்றால் இனி அவசரமில்லை என்று அர்த்தம்.

"'தெரிய வருவதால்'னு போட்டிருக்கே," என்றாள் குரு. "யார் சொல்லித் தெரிய வந்துச்சாம்?"

"எவனோ. வேலையத்தவன் எவனாவது சொல்லியிருப்பான்."

குரு மொபெட்டுக்குத் திரும்பினாள்.

*

"எனக்குக் கோபம் அந்த ஆபீஸ் மேல மட்டும் இல்ல," என்றாள் எப்சிபா. ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டாள். எழுந்து போகும் உத்தேசம் இல்லை என்று அர்த்தம். "இந்த வண்டி மேலதான். என்ன பெரிய வண்டி? வளைவுல ஆக்சிலேட்டரைக் கொடுத்தா முன்சக்கரம் நேரா இழுக்குது. திருப்புறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுது. ரெண்டு செயின், ரெண்டு மடங்கு சேறு, ரெண்டு மடங்கு கழுவுறது. ஒரு பல்சக்கரம் தேஞ்சதுக்கு நீ எத்தனை நாள் காத்திருந்தே?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம். எங்கிருந்தோ கப்பல்ல வரணும். தார் ரோட்ல போனா பின்னாடி வர்ற பஸ் எல்லாம் ஹாரன் அடிக்குது. வேகமே கிடையாது. கீழே விழுந்தா தூக்கி நிறுத்த ரெண்டு ஆள். நான் ஒரு ஆள்."

"திருப்பிக் கொடுத்துடு."

எப்சிபா திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

திருப்பிக் கொடுக்கவும் மனம் வராது. முன்பெல்லாம் நாலு மணி நேரம் நடந்து போய்ச் சேர்வதற்குள் பெட்டியில் பனிக்கட்டி உருகிவிடும். இப்போது ஐம்பது நிமிடம். மருந்து சில்லென்று இருக்கும். ஒன்பது மாதத்தில் ஒரு குழந்தைக்கும் ஊசி தவறவில்லை. இருமலோடு கிடந்த பிள்ளைக்கு அன்றைக்கே மருந்து கொண்டு போயிருக்கிறாள். மழையில், ஓடையில் தண்ணீர் முட்டளவு ஓடும்போதும் போயிருக்கிறாள். வண்டி ஒரு நாளும் மாட்டேன் என்றதில்லை.

"கொடுக்க மாட்டேன்," என்றாள்.

"அப்போ அந்த ஆபீசரைக் கூட்டிட்டுப் போ."

"எங்கே?"

"மேலே."

"எதுல?"

குரு வண்டியைப் பார்த்தாள்.

"அவன் ஏறினா வண்டி போகுதுன்னு இன்னும் உறுதியாச் சொல்வான். வழியில நிக்கணும்னு துஆ கேளு."

"நிக்காது," என்றாள் குரு.

*

ஆபீசர் என்பது ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளர். பெயர் குமரவேள், முப்பத்தெட்டு வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கெட்டவர் அல்ல. காகிதத்தில் இருப்பதை நம்புகிறவர், அவ்வளவுதான். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

மறுநாள் காலை வண்டியின் பின்னால் உட்கார்ந்தார். பின்னால் என்பது மருந்துப் பெட்டியைக் கட்டுவதற்காக வைத்த ஒரு சாண் அகலக் கம்பித் தட்டு. அதன் மேல் எப்சிபா ஒரு தலையணையைக் கட்டியிருந்தாள்.

வழியில் நான்கு கண்டங்கள் இருந்தன.

முதலில் செம்மண் சேறு. அங்கே வண்டி சிக்க வேண்டும் என்று எப்சிபா மனதார ஜெபித்தாள். வண்டி இரண்டு சக்கரத்தாலும் சேற்றைப் பிடித்து நிதானமாகக் கரையேறியது.

"பரவாயில்லையே," என்றார் குமரவேள்.

அடுத்தது ஓடை. காலடி வைத்தால் உருளும் கற்கள். வண்டி ஒவ்வொரு கல்லாக முன்சக்கரத்தால் தொட்டு, ஏறி, கடந்தது.

"அருமை," என்றார்.

மூன்றாவது, வழுக்குப் பாறை. சாதாரண பைக்கெல்லாம் அங்கே பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் படுத்துவிடும். கொஞ்சம் தடுமாறியது போல ஓட்டினால் என்ன என்று எப்சிபாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஆனால் பின்னால் ஓர் ஆண்பிள்ளையை வைத்துக்கொண்டு தடுமாற அவளால் முடியவில்லை. மூன்று வாரம் வசவு வாங்கிக் கற்ற வித்தை. பாறையில் ஒரே மூச்சில் ஏற்றினாள்.

"சிஸ்டர், நீங்க பந்தயத்துக்கே போகலாம்."

நான்காவது, வேர்கள் படிப்படியாகக் குறுக்கே கிடக்கும் ஏற்றம். அதை எழுதவே வேண்டாம். அங்கேயும் ஏறியது.

உச்சிமேட்டில் ஊரே நின்றது. பூவரசி இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உங்களுக்கென்னம்மா கவலை? நர்சம்மா வண்டி இருக்கே," என்றார் குமரவேள், குடித்துவிட்டு.

பூவரசி வண்டியைப் பார்த்தாள். கம்பித் தட்டைப் பார்த்தாள்.

"நான் எங்க சார் உக்காரணும்?"

"பின்னாலதான். நான் உக்காந்து வரலையா?"

ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வந்துபோகிறவர்கள் நர்ஸின் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. குமரவேள் போட்டார். 'வாகனம் சிரமமின்றிச் செல்கிறது' என்று எழுதி, தேதியும் இட்டார்.

*

"ஏறிடுச்சு," என்றாள் எப்சிபா. இந்த முறை டயரின் மேல் உட்காரக்கூட இல்லை. கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். "பிசாசு மாதிரி ஏறிடுச்சு. ஒரு இடத்துலயாவது மூச்சு வாங்குமான்னு பார்த்தேன். அந்த மனுஷன் செல்ஃபி எடுத்துக்கிறார். ஆறு செல்ஃபி."

"மேலே போகும்னு சொன்னேனே."

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னே, இந்தக் கொட்டகையில தகரம் இருக்காது."

குரு ஒரு ஸ்பானரைத் துடைத்து மாட்டினாள்.

"எல்லாம் உன் யோசனை. கூட்டிட்டுப் போன்னு சொன்னது நீ. அவர் கைப்பட எழுதி வேற கொடுத்துட்டார், சிரமமின்றிச் செல்கிறதுன்னு. இனி ஆட்சேபணைன்னு எந்த மூஞ்சியோட போவேன்? மாசம் முடிய நாலு நாள் இருக்கு. அவருக்கென்ன? வந்தார், பார்த்தார், தலையணை நல்லா இருக்குன்னார், முதல் இறக்கத்துலயே எறங்கி நடந்தே போயிட்டார். ஆபீஸ் போய் ஏசியில உக்காந்திருப்பார்."

"என்ன சொன்னே?"

"ஏசின்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"எறங்கி நடந்தார்னேன். அதுக்கென்ன?"

"ஏன் நடந்தார்?"

"பயம். வேற என்ன? வேர்ப்படியில வண்டி முன்னால கவிழுற மாதிரி சாயுமே. பின்னால இருக்கிறவங்க பாரம் முழுக்க என் முதுகுல. ஹேண்டில் திரும்பாது. ரெண்டு சக்கரமும் இழுத்து எறக்கத்துல என்ன பிரயோஜனம்? 'நிறுத்துங்க சிஸ்டர், நிறுத்துங்க'ன்னார். சுகருக்கு நடக்கிறது நல்லதாம். அவருக்குச் சுகரே கிடையாது. நானே கேட்டேன். மூணு மணி நேரம் நடந்தார். மூணு இடத்துல உக்காந்தார்."

சொல்லும்போது எப்சிபாவுக்கு லேசாகச் சிரிப்புக்கூட வந்தது.

குரு கையை நீட்டினாள்.

"என்ன?"

"அந்த ரெஜிஸ்டர்."

*

பதிவேட்டை குரு தொடவில்லை. பெஞ்சின் மேல் விரித்து வைக்கச் சொன்னாள்.

ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. எத்தனை ஊசி, எத்தனை கர்ப்பிணி, எத்தனை காய்ச்சல். கடைசிப் பத்தியின் தலைப்பு: 'வழி'.

முந்தைய வருடங்கள் முழுக்க அந்தப் பத்தியில் 'நடந்து', 'நடந்து', 'நடந்து'.

பிறகு ஒரு மாதத்தில் 'வாகனம்'. அடியில் இரண்டு கோடு. அதோடு சேர்த்து ஒன்பது மாதமும் 'வாகனம்'. கான்வென்ட் சிஸ்டர்களிடம் ஸ்கேலால் அடி வாங்கிப் படிந்த எழுத்து. குண்டு குண்டாக, அழகாக இருந்தது.

"யார் எழுத்து?" என்றாள் குரு.

எப்சிபா குனிந்து தன் எழுத்தைப் பார்த்தாள்.

இந்தப் பதிவேட்டின் நகல் மாதம் தவறாமல் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும். அவள்தான் அனுப்புவாள்.

தெரிய வருவதால்.

"நான் பொய்யா எழுதினேன்?" என்றாள் திடீரென்று. குரல் தகரத்தில் மோதித் திரும்பியது.

"இல்ல."

"வண்டி போச்சு. போச்சுன்னு எழுதினேன். போன வண்டியை போகலைன்னு எழுதணுமா?"

"வேணாம்."

"பின்னே என்னதான் சொல்ல வர்றே? நாலு வருஷம் வெயில்ல நடந்தவ நான். முதல் நாள் ஐம்பது நிமிஷத்துல ஏறினப்ப அழுதுட்டேன், தெரியுமா? அதை எழுதக் கூடாதா? ரெண்டு கோடு போடக் கூடாதா?"

குரு மொபெட் பக்கம் திரும்பினாள். வலது கை ஆள்காட்டி விரலை மொபெட்டின் செயினில் ஒரு முறை ஓட்டினாள். விரல் கறுத்தது.

அந்த விரலைக் கொண்டுபோய் 'வழி' என்ற பத்தியின் நடுவில் வைத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தாள்.

பத்தி இரண்டாகிவிட்டது.

எப்சிபா பாய்ந்து பதிவேட்டைப் பிடுங்கினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அரசாங்க ரெஜிஸ்டர் இது. இதுக்கு நான் பதில் சொல்லணும். கிரீஸ் போகுமா? மண்ணெண்ணெய் எங்கே? துணி எங்கே?"

குரு மொபெட்டின் அடியில் கையை விட்டுவிட்டாள்.

*

துணி கிடைத்தது. துடைக்கக் குனிந்தவள், துடைக்கவில்லை.

கோட்டுக்கு இடப்பக்கம் ஒன்பது 'வாகனம்'. எல்லாம் அவள் ஏறியது.

வலப்பக்கம் காலி.

டயரின் மேல் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

முதல் மாதம் யார் இறங்கினார்கள்? காளியப்பன், பாம்புக்கடி. எழுதினாள்: 'நான்கு பேர் தோளில்.'

இரண்டாம் மாதம். வீராயி, கண் ஆபரேஷன். 'மகன் முதுகில்.'

மூன்றாம் மாதம் வேண்டா பாட்டியின் பேத்தி, கால் முறிவு. 'தோளில்.'

நான்காம் மாதத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

நான்காம் மாதம் சின்னத்தாயி. பூவரசியின் ஓரகத்தி. ஒரே வீடு. புதன்கிழமை காலை, எப்சிபா ஊரில்தான் இருந்தாள், வண்டியும் ஊரில்தான் இருந்தது. பிரசவ வலி எடுத்ததும் நாலு பேர் மூங்கிலை எடுத்தார்கள். யாரும் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டோலி முன்னால் போனது. பின்னால் எப்சிபா, வண்டியில், மருந்துப் பையோடு, மெதுவாக. இரண்டு சக்கரமும் பத்திரமாகப் பாறையைப் பிடித்துக்கொண்டு வந்தன.

வழுக்குப் பாறைக்குக் கீழே டோலியைத் தரையில் வைத்தார்கள்.

அந்த மாதக் கடைசியிலும் அவள் உட்கார்ந்து, குண்டு குண்டாக, 'வாகனம்' என்று எழுதியிருக்கிறாள்.

மொபெட்டின் அடியிலிருந்து வந்த சத்தம் நின்றது. குரு பார்க்கவில்லை, ஆனால் வேலையும் செய்யவில்லை.

எப்சிபா எழுதினாள்: 'சின்னத்தாயி. தோளில். பாறைக்குக் கீழே தரையில் வைத்தார்கள்.'

எழுத்து குண்டாக வரவில்லை.

மிச்ச மாதங்களையும் எழுதி முடித்தாள். கடைசி மாதத்துக்கு இரண்டு வரி எழுதினாள். பேனாவை மூடினாள். ஹெல்மெட்டை எடுத்தாள்.

"நூர்நிஷா."

"ம்?"

"முதல் நாளே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"ரெண்டு தடவை சொன்னேன்க்கா," என்றாள் குரு.

*

"இது என்ன கறை?" என்றார் குமரவேள்.

"கறை இல்ல சார். கோடு."

"யார் போட்டது?"

"என் குரு."

"குருவா? எந்த மடம்?"

"பெட்ரோல் பங்குக்கு எதிர்ல சார்."

அவர் பதிவேட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இழுத்துப் பார்த்தார்.

"படிவத்துல இப்படி ஒரு பத்தியே கிடையாதே சிஸ்டர்."

"இல்லதான் சார். அது இல்லாமத்தான் ஒன்பது மாசம் ஓட்டினேன்."

"ஆட்சேபணைன்னா தனியா மனு எழுதிக் கொடுங்க. ரெஜிஸ்டர்ல இதெல்லாம்..."

"மனு வேணாம் சார். மூணு வருஷமா கொடுத்தோம். கடைசிப் பக்கம், கடைசிக்கு முந்தின வரியைக் கொஞ்சம் படிங்க. கண்ணாடி எடுத்துட்டு வரலை, சத்தமாப் படிங்க."

கண்ணாடி அவள் தோள்பையில்தான் இருந்தது.

பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு பேர் தலையைத் தூக்கினார்கள். குமரவேள் படித்தார்.

"'குமரவேள், பொறியாளர், வயது முப்பத்தெட்டு. நோய் எதுவும் இல்லை. ஏறிய வழி: வாகனம். இறங்கிய வழி...'"

நிறுத்தினார்.

"எழுத்து புரியலையா சார்?"

"புரியுது."

"பொய்யா எழுதியிருந்தா சொல்லுங்க. அடிச்சுடறேன். நீங்க மேலே கையெழுத்துப் போட்ட அதே பக்கம்தான்."

அவர் சட்டைக் காலரைத் தளர்த்தினார். அவர் கண் மேலே போனது. ஒவ்வொரு மாதமாகக் கறுப்புக் கோட்டுக்கு வலப்பக்கம் ஏறிக்கொண்டே போனது. நான்காம் மாதத்தில் நின்றது. அங்கேயே நெடுநேரம் நின்றது.

"தரையில வைச்சாங்கன்னா?" என்றார்.

எப்சிபா சொன்னாள்.

பக்கத்து மேசைக்காரர்கள் குனிந்துகொண்டார்கள்.

"கடைசி வரியையும் பாருங்க சார்."

கடைசி வரியில், 'பூவரசி, எட்டு மாதம்' என்று இருந்தது. இடப்பக்கம் ஒரு சின்னக் கோடு; அவள் அந்த ஊரிலேயே இருப்பவள், ஏற வேண்டியதில்லை. வலப்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இதை ஏன் விட்டிருக்கீங்க?"

"அது இன்னும் நடக்கலை சார். மூணு வாரத்துக்கு மேல இருக்கு."

எப்சிபா தன் பேனாவின் மூடியைக் கழற்றி, அவர் பக்கமாக நீட்டினாள்.

"அதை நீங்க எழுதுங்க."

குமரவேள் பேனாவை வாங்கினார். முனையை அந்தக் காலி இடத்தில் கொண்டுபோய் வைத்தார். ஒரு நீலப் புள்ளி விழுந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது.

எப்சிபா காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருந்து பழக்கமில்லை. ஆனாலும் காத்திருந்தாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

"புல்டோசர் இப்ப எந்த ஊர்ல நிக்குது?" என்றார்.